முட்டை அடுப்பின் புது மூடி

கரடியும் காட்டுப்பன்றியும் அடுப்பு மூடியைத் தூக்கும்போதெல்லாம் சண்டை போட்டன.

"நீ எங்க தூக்குற? சும்மா மூக்கை முட்டுக்கொடுத்துட்டு நிக்கிற" என்று கரடி மூச்சிரைக்கச் சொல்லும்.

"மூக்கை எடுக்கிறேன், அப்புறம் தெரியும் யாரு தூக்கினதுன்னு" என்று பன்றி உறுமும்.

மூடி அவ்வளவு கனம். ஒரு விரல் அளவு எழும்புவதற்குள் இரண்டுக்கும் தெம்பு போய்விடும். இடுக்கில் ஒரு கல்லைச் செருகி வைத்துவிட்டு, வாய்ச்சண்டையை ஒருவழியாக முடித்துக்கொண்டு, பிறகுதான் மறுபடி தூக்கும். சுற்றி நிற்கும் முயலும் மானும் முள்ளம்பன்றியும் பசியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த அடுப்பு பெரிய முட்டை வடிவில் இருந்தது. அதன் மேல்பாதிதான் மூடி. கரடி புற்றுமண்ணை மிதித்துக் குழைத்து, ஒரு சாண் கனத்துக்குச் சுவர் வைத்துக் கட்டியது. காற்று போக அடியில் ஒரு துளை. புகை போக உச்சியில் ஒரு துளை. கிழங்கு வெந்ததும் இரண்டு துளைகளையும் கல் வைத்து அடைத்துவிடுவது வழக்கம். காற்றில்லாமல் நெருப்பு தானாகவே அவிந்துபோகும். ஒரு பொறிகூட வெளியே வராது.

கோடையில் அந்தக் காட்டில் மிஞ்சுவது காட்டுக்கருணைக் கிழங்கு ஒன்றுதான். பச்சையாகத் தின்றால் தொண்டை அரித்தே உயிர் போய்விடும். சுட்டால்தான் உள்ளே இறங்கும். அதனால் நெருப்பு இல்லாமல் பிழைக்க முடியாது. நெருப்போடு வாழ்வதும் பயம். முந்தின கோடையில் மேற்குச் சரிவு முழுக்க எரிந்து போனதை எல்லாமே கண்ணால் பார்த்திருந்தன. மழை பெய்து புல் முளைத்த பிறகும் அந்தப் பக்கம் எதுவும் மேயப் போகவில்லை.

அத்தனையிலும் அதிகமாகப் பயந்தது இருவாச்சிப் பறவை. பயப்படக் காரணம் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்து மரத்துப் பொந்தில்தான் அதன் பேடை இருந்தது. இருவாச்சிப் பேடை முட்டையிடும் காலத்தில் பொந்துக்குள் நுழைந்து, வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டுமளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கும்போது அதன் இறக்கைச் சிறகுகள் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. ஆண் பறவைதான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். இப்போது பொந்துக்குள் இரண்டு குஞ்சுகளும் இருந்தன. உடம்பில் ஒரு இறகுகூட இல்லாத குஞ்சுகள்.

பெரிய பொந்துள்ள மரம் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே குடிவந்துவிட்டு, இருவாச்சி நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் சுள்ளி வெடித்தால் நடுங்கும். காற்றடித்தால் நடுங்கும். காற்று நின்றால், ஏன் நின்றது என்று நடுங்கும்.

இப்படி இருக்கும்போதுதான் மரநாய் புதுச் செய்தியோடு வந்தது.

மலையடிவாரத்தில் மனிதர்களின் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. மரநாய் அதன் கூரைக்கு மேலே ஒளிந்திருந்து, மீதிப் பழம் பொறுக்குவது வழக்கம். அங்கேயும் இதே மாதிரி முட்டை அடுப்பு உண்டாம். போன வருஷத்து அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கியிருக்கிறார்களாம். அதில் என்னென்னவோ வசதிகளாம். அத்தனையையும் இங்கேயும் செய்துவிடலாம், தான் சொல்லித் தருகிறேன் என்றது. கைம்மாறாக எதுவும் கேட்கவில்லை. நாலு பேர் மெச்சினால் அதற்குப் போதும்.

எல்லா மிருகங்களும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசின. மரநாய் ஒவ்வொரு வசதியாக எடுத்துச் சொன்னது.

முதலில், சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல். விடுதிக் குப்பையில் கிடைக்கும் உடைந்த பாட்டிலைப் பதித்துவிட்டால், மூடியைத் திறக்காமலே கிழங்கு வெந்ததா என்று பார்க்கலாம். இருவாச்சி ஒரேயடியாக மறுத்தது. சூட்டில் கண்ணாடி தெறித்தால் அந்த ஓட்டை வழியே நெருப்பு வருமே! அதுவுமல்லாமல், இரவெல்லாம் அந்தச் சிவப்பு வெளிச்சம் பொந்துக்கு நேராகத் தெரியும். பேடை எப்படிக் கண்மூடும்? நியாயந்தான் என்று எல்லாம் ஒத்துக்கொண்டன.

அடுத்தது, சாம்பல் அள்ள ஒரு தகரத் தட்டு. அதற்குக் கீழ்த்துளையை அகலமாக வெட்ட வேண்டும். அதையும் இருவாச்சி மறுத்தது. வெட்டிய இடத்தில் சுவர் கீறல் விடும் என்று கரடியும் சொன்னது. அதுவும் போயிற்று.

கடைசியாக மரநாய் மூடிக்கு வந்தது. மூடியின் பின்பக்கத்தை அடுப்போடு சேர்த்துக் கீல் மாதிரி கட்டிவிட வேண்டும். அதற்கு மேலே ஒரு பச்சை மூங்கிலை வளைத்துப் பிணைக்க வேண்டும். மூங்கில் நிமிரப் பார்க்கும்போது மூடியின் கனத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். எவ்வளவு பெரிய மூடியும் தொட்டால் எழும்பும்.

"அப்ப ஒரு முயல்கூடத் திறக்கலாமா?" என்று கரடி கேட்டது. அதற்கு இடுப்புவலி வந்து வெகுநாளாகியிருந்தது.

"முயலா? முயல்குட்டி திறக்கும், அண்ணே" என்றது மரநாய்.

பன்றிக்கு முகம் சுருங்கிப்போனது. "மூடி கனமா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? இத்தனை நாள் நடக்கலையா?"

சுற்றி இருந்தவை சிரித்தன. மூடி லேசானால் பன்றிக்கு அங்கே வேலை இல்லை. தூக்கியதற்குக் கூலியாகக் கிடைத்த முதல் பங்குக் கிழங்கும் இல்லை. அந்தப் பயத்தில்தான் பேசுகிறது என்று முள்ளம்பன்றி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது. அது உண்மையும்கூட. வேறு காரணம் எதுவும் பன்றிக்குத் தோன்றவில்லை. தோன்றாததால் வாயை மூடிக்கொண்டது.

எல்லாக் கண்களும் இருவாச்சியின் பக்கம் திரும்பின. எதைச் சொன்னாலும் வேண்டாம் என்கிற பறவை இதற்கு என்ன சொல்லுமோ?

இருவாச்சி யோசித்தது. மூடியில் புது ஓட்டை இல்லை. கண்ணாடி இல்லை. கீறல் விழ வழியில்லை. மூடினால் முன்பு போலவே கச்சிதமாக உட்காரும். அதோடு இன்னொரு ஆசையும் வந்தது. நெருப்பு அவிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால், இதுவரை கரடியையும் பன்றியையும் கெஞ்ச வேண்டியிருந்தது. இனிமேல் பயம் வந்தால் தானே திறந்து பார்த்துக்கொள்ளலாமே!

"இது ஒண்ணு மட்டும் செய்யலாம்" என்றது இருவாச்சி.

அன்று மாலைக்குள் மூங்கிலை வளைத்துக் கட்டிவிட்டன. கரடி ஒரே விரலால் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தது. மரநாயை எல்லாம் புகழ்ந்தன. பன்றி மட்டும் தூரத்தில் போய் மண்ணைக் கிண்டிக்கொண்டு நின்றது.

சில நாட்கள் ஒரு குறையும் இல்லை. கிழங்கு வேகும்போது துளைகள் திறந்தே இருக்கும். காற்று வந்து போகும். அப்போது மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகை வரும், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் எல்லாம் வயிறார உண்டன. கரடி இரண்டு துளைகளையும் கல்லால் அடைத்துவிட்டுக் குட்டைக்குப் போய்விட்டது. பன்றி ஏற்கெனவே அங்கே சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. மற்றவை நிழல் தேடிக் கலைந்தன.

உச்சிவேளையில் காற்று எழுந்தது. சருகுகள் சுழன்று அடுப்பைச் சுற்றிக் குவிந்தன. கொஞ்சம் பேடையின் மரத்தடியிலும் போய்ச் சேர்ந்தன.

நெருப்பு அவிந்திருக்குமா? புகை வரவில்லை. ஆனால் புகை வராததாலேயே அவிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால்? இந்தக் காற்றில் எங்கேயாவது ஒரு கீறல் விட்டால்? அது அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. சுவரில் காதை வைத்துப் பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியே அதைப் பாடாய்ப் படுத்தியது.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி. அலகை மூடியின் விளிம்பில் கொடுத்து மேலே தள்ளியது. மூங்கில் நிமிர்ந்தது. மூடி ஒரே வீச்சில் முழுக்கத் திறந்துகொண்டது.

உள்ளே நெருப்பு சாகவில்லை. காற்றுக்கு ஏங்கிக் கிடந்தது. காற்று பட்டதும் குப்பென்று ஆளுயரத்துக்கு எழுந்தது. இருவாச்சி இமைமயிர் கருகப் பின்னால் போய் விழுந்தது. கங்குகள் காற்றோடு பறந்து மரத்தடிச் சருகில் விழுந்தன. மரத்தைச் சுற்றிப் படர்ந்திருந்த காய்ந்த கொடி சடசடவென்று பற்றிக்கொண்டது.

"பொந்துச் சுவரை உடை! வெளிய வா!" என்று இருவாச்சி அலறியது.

கீற்றுக்குள்ளிருந்து பேடையின் குரல் வந்தது. "வந்து எங்கேங்க போவேன்? எனக்கு இன்னும் சிறகு முளைக்கலியே."

அதற்கு மேல் அது பேசவில்லை. உள்ளே இருமல் சத்தம் மட்டும் கேட்டது. இருவாச்சி மரத்தைச் சுற்றிப் பறந்து பறந்து கத்தியது. வெளியிலிருந்து அலகால் சுவரைக் கொத்தியது. கோடையில் காய்ந்து இறுகிய சேறு, கல்லாகிக் கிடந்தது. பேடையும் உள்ளிருந்து கொத்தியது. இரண்டின் அலகும் ஒரே சுவரில், ஒன்றின் சத்தம் மற்றதுக்குக் கேட்கும் அளவுக்கு அருகில் இருந்தன. சுவர் உடையவில்லை.

சத்தம் கேட்டுக் கரடியும் பன்றியும் ஓடிவந்தன. அன்று இரண்டுக்கும் சண்டை போட நேரமில்லை. பன்றி சேறு சொட்டச் சொட்ட நெருப்புக்கு முன்னால் பாய்ந்து, மூக்கால் நிலத்தை உழ ஆரம்பித்தது. சருகையெல்லாம் ஒதுக்கி, மண்ணைப் புரட்டி, காட்டுப் பக்கம் நெருப்பு போகாதபடி ஒரு வெற்று வரப்பைப் போட்டது. கரடி எரிகிற கொடிகளைப் பிய்த்தெறிந்துகொண்டே மரத்தில் ஏறியது. உள்ளங்கைத் தோல் வழன்றது. ஏறிப்போய் ஓங்கி ஒரு அறை. சுவர் உடைந்தது.

பேடையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, குஞ்சுகளை வாயில் மெல்லக் கவ்விக்கொண்டு கரடி இறங்கியது. காடு தப்பித்தது. பேடை தப்பித்தது. ஒரு குஞ்சு அசைந்தது.

இன்னொன்று அசையவில்லை. நெருப்பு அதைத் தொடவே இல்லை. புகையே போதுமானதாக இருந்தது.

பறக்க முடியாத பேடை வெட்டவெளியில், எல்லோர் கண்ணெதிரிலும், உயிரில்லாத குஞ்சைத் தன் மொட்டை இறக்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருவாச்சி பக்கத்தில் போகவும் துணியாமல், தூரப் போகவும் மனமில்லாமல் தவித்தது.

கடைசியில் மரநாய்தான் வாயைத் திறந்தது. "அந்த விடுதிச் சமையக்காரன் ஒரேயடியாத் திறக்க மாட்டான். ஒரு விரல் அளவு தூக்குவான், கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருப்பான், மறுபடி இறக்குவான். ரெண்டு மூணு வாட்டி அப்படிச் செஞ்சிட்டுத்தான் திறப்பான். அது அவன் பண்ணுற பகட்டுன்னு நினைச்சேன். அதான் உங்ககிட்ட சொல்லல."

கரடியும் பன்றியும் ஒன்றையொன்று பார்த்தன. ஒரு விரல் அளவு தூக்குவது. தெம்பில்லாமல் கல்லைச் செருகுவது. நின்று சண்டை போடுவது. அந்த நேரத்தில் உள்ளே இருந்த நெருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் குடித்து அடங்கியிருக்கிறது. இத்தனை காலமும் காட்டைக் காப்பாற்றியது அந்த இரண்டின் களைப்புதான். அது அவற்றுக்கே தெரியாது.

இனி சமையற்காரன் செய்தது போலவே மெதுவாகத் திறக்கலாமே, மூடி லேசாகவே இருக்கட்டுமே என்று முள்ளம்பன்றி தயங்கித் தயங்கிச் சொன்னது. வெந்துபோன கையோடு இனிக் கனமான மூடியைக் கரடியால் எப்படித் தூக்க முடியும்? கேட்டதில் தவறில்லை. சிலது தலையசைக்கவும் செய்தன.

அப்போது பேடை நிமிர்ந்து பார்த்தது. கண்ணில் நீரில்லை. பார்வை தன் கணவன்மேல் நின்றது.

"மெதுவாத் திறக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும், நேத்து அந்தக் காத்துல, அந்தப் பயத்துல, பொறுமையா நின்னிருப்பீங்களா?"

காற்றடித்தது நேற்றல்ல, அன்றைக்குத்தான். துக்கத்தில் பேடைக்குப் பொழுது குழம்பியிருந்தது. யாரும் திருத்தவில்லை.

இருவாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "நின்னிருக்க மாட்டேன்" என்றது.

கரடி எழுந்து போய் மூங்கிலைப் பிணைத்த கொடியைப் பல்லால் அறுத்தது. மூடி பழைய கனத்தோடு தன் இடத்தில் உட்கார்ந்தது.

ஒரு சிரமத்தை நீக்குவதற்கு முன்னால், அந்தச் சிரமம் இதுவரை எந்த ஆபத்தைத் தடுத்து நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.