நெல் கனம் தேய்ந்த மலை

மயில்பாறை என்று ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்டவர் தென்னவராயர். நல்லவர்தான், பலாப்பழத்தைக் கண்டால் மட்டும் தன்னை மறந்துவிடுவார். ஒரு வைகாசியில் அவருக்கு வயிற்றுவலி கண்டது. வைத்தியர் பலாப்பழத்தை நிறுத்தச் சொன்னார். ராயர் வைத்தியரை நிறுத்திவிட்டுச் சோதிடரைக் கூப்பிட்டார்.

சோதிடர் சடகோபர் கட்டம் போட்டுப் பார்த்தார். அரண்மனைக்குக் கிழக்கே எண்பது ஆள் உயரத்துக்கு ஒரு கல்மலை நின்றது. அது காலைச் சூரியனை இரண்டு நாழிகை மறைக்கிறது, வலிக்குக் காரணம் அதுதான், அந்த மலை நிற்கும்வரை மன்னர் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்.

அன்றே தண்டோரா போட்டார்கள். ஆடி முதல் தேதியிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆள் உளியும் கடப்பாரையுமாக வரவேண்டும். மலை தரைமட்டம் ஆகும்வரை யாரும் வீடு திரும்பக்கூடாது.

சபையில் கூத்தபிரான் என்று ஓர் ஆலோசகர் இருந்தார். அவர் வீட்டு வாசலுக்குக் காளியாத்தாள் என்ற குடியானவப் பெண் வந்து நின்றாள். அவள் வீட்டில் ஏர் பிடிக்க இருந்தது புருஷன் ஒருவன்தான்.

"ஆடியில அவரு மலையை ஒடைக்கப் போனா வெதைக்கிறது யாருங்க சாமி? வெதைக்காம விட்டா தையில மலையையா திங்கறது?" என்று கேட்டாள்.

மறுநாள் கூத்தபிரான் சபையில் எழுந்து, இந்த வேலைக்கு இத்தனை பேர் எதற்கு, தான் ஒருவனே மலையைக் கரைத்துவிடுவதாகச் சொன்னார். ஆயிரம் பேருக்குக் கஞ்சி ஊற்றும் செலவு மிச்சம் என்று ராயருக்குச் சந்தோஷம். முடியாவிட்டால் என்ன தண்டனை என்று சடகோபர் விசாரித்தார். குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டியதுதான் என்றார் ராயர். கூத்தபிரான் ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் உடனே, தூக்கிக்கொண்டு நடக்க லேசான பாத்திரம் எது என்று பார்க்க ஆரம்பித்தாள்.

ஆடி பிறந்தது. ஊர் விதைக்கப் போயிற்று. கூத்தபிரான் ஒரு தாழங்குடையோடு மலைக்குப் போனார். தினமும் அரண்மனைக்கு ஓலை வந்தது. "வேலை நடக்கிறது" என்று ஒரு நாள். "நல்ல மழை, வேலை இரட்டிப்பு" என்று மறுநாள். "வெயில், ஆனாலும் நிற்கவில்லை" என்று அதற்கடுத்த நாள்.

ஆவணிக் கடைசியில் ராயர் மாடத்தில் ஏறிப் பார்த்தார். மலை அப்படியே இருந்தது. பலாப்பழக் காலம் முடிந்து அவர் வயிற்றுவலியும் போயிருந்தது. ஆனால் சடகோபர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வலி மறைந்திருப்பதுதான் பெரிய ஆபத்தின் அறிகுறி என்றார். கூத்தபிரானைக் கூட்டிவர ஆள் போயிற்று.

அவர் ஒரு மூட்டையோடு வந்தார். அதிலிருந்து மலையடிவாரக் கல் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். கல் பொலபொலவென்று உதிர்ந்தது. ராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மலையில் மூன்று விதக் கல் கலந்திருக்கிறது என்று கூத்தபிரான் விளக்கினார். இளஞ்சிவப்பாக இருப்பதை மழை மெல்ல மெல்லத் தின்கிறது. தின்றால் அது களிமண் ஆகிவிடும். மினுக்குகிற காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் வெங்கச்சங்கல்லை மட்டும் மழையால் தின்ன முடியாது, துப்பிவிடும். துப்பியதுதான் ஆற்று மணல். அரண்மனைச் சுவரில் பூசிய மணலும் கூரையில் வேய்ந்த ஓடும் ஒரு காலத்தில் அந்த மலைதான்.

"ஆக, வேலை நடக்கிறது. நான் மேற்பார்வை பார்க்கிறேன்," என்றார்.

"எப்போது முடியும்?" என்று ராயர் கேட்டார்.

கூத்தபிரான் அதற்கும் கணக்கு வைத்திருந்தார். மலை உச்சிப் பாறையில் எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு ஒன்று இருந்தது. வெட்டும்போது எழுத்து எவ்வளவு ஆழம் என்று அதிலேயே குறித்திருந்தார்கள். இப்போது அளந்தால் ஒரு நெல்லின் கனம் குறைகிறது. எழுநூறு வருஷத்துக்கு ஒரு நெல் கனம் என்றால் எண்பது ஆள் உயரத்துக்கு எவ்வளவு?

"ஏறத்தாழ நாலரைக் கோடி வருஷம், மகாராஜா."

சடகோபருக்கு முகம் மலர்ந்தது. இது ராஜாக்ஞையைப் பரிகசிப்பது, இன்றே இவரை எல்லை தாண்ட வைக்கவேண்டும் என்றார்.

கூத்தபிரான் அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "நான் போவது இருக்கட்டும் சோதிடரே. காலக்கணக்கு தெரிந்தவர் நீங்கள். மலை தரைமட்டமாகும் அந்த நாளில் நம் மகாராஜா இருப்பாரா, இருக்க மாட்டாரா? அதை மட்டும் சொல்லுங்கள்."

சடகோபர் வாயைத் திறந்தார். ராயர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த இரண்டு காவலர்களும் ஈட்டியை நேராகப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். மன்னருக்குச் சாவு என்று சபையில் சொன்னவன் தலை எத்தனை நாழிகை தங்கும் என்பதற்குக் கட்டம் போடத் தேவையில்லை.

"இருப்பார்," என்றார் சடகோபர். "மகாராஜா தீர்க்காயுசு. அவசியம் இருப்பார்."

"அப்படியானால் மலை நின்றாலும் நாலரைக் கோடி வருஷத்துக்கு மகாராஜா உயிருக்கு ஒன்றும் வராது. சோதிடர் வாயாலேயே வந்துவிட்டது. பிறகு எதற்கு அதை உடைப்பது?"

ராயர் சடகோபரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். தண்டோரா உத்தரவு அன்றே ரத்தாயிற்று. கூத்தபிரானுக்கு ஒரு ஜோடி பட்டும் மலையடிவாரத்தில் ஆறு காணி நிலமும் கிடைத்தன.

சடகோபருக்கும் ஓர் உத்தியோகம் கொடுத்தார்கள். வருஷம் ஒருமுறை மலை உச்சிக்கு ஏறி, கல்வெட்டை அளந்து, மீதி எவ்வளவு என்று சபைக்கு ஓலை எழுதவேண்டும். முதல் வருஷம் அவர் மூச்சு வாங்க ஏறி இறங்கி எழுதிய ஓலையில் ஒரே வரிதான் இருந்தது.

"மலை இருக்கிறது. மகாராஜா இருக்கிறார். என் முழங்கால்தான் தேய்ந்திருக்கிறது."