பிரிட்ஜுக்குள் சாவி

ஜெனோவா ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்பவர். வயது முப்பத்தைந்து. அவரிடம் தொழில் கற்க வந்த இசக்கியப்பனுக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்துச் சலித்துப்போனவர்.

வந்த முதல் நாளே, நல்ல சத்தம் என்றால் என்ன என்று கேட்டார்.

அன்று தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பேட்டி. ஜெனோவா வேலையில் இறங்கினார். மின்விசிறியை நிறுத்தினார். உறுமிக்கொண்டிருந்த பிரிட்ஜையும் நிறுத்தினார். பிறகு தன் ஸ்கூட்டர் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துக் கதவை மூடினார். பேட்டி முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஒவ்வொரு வீட்டிலும் இதே கூத்து. சாவிக்கு வேர்க்குது போல என்று கேமராக்காரரிடம் இசக்கியப்பன் கிண்டலடித்தார். அது ஜெனோவாவின் காதில் விழுந்தது. அவர் காதில் விழாதது எது? ஆனாலும் அடுத்த வீட்டிலும் சாவி பிரிட்ஜுக்குள்தான் போனது.

படம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. ஒருநாள் ஜெனோவா கேமராவோடு உப்பளத்தில் இருக்க வேண்டியிருந்தது. பேச்சித்தாய் என்ற தொழிலாளியின் குரலை மட்டும் அவர் வீட்டில் பதிவுசெய்துவர இசக்கியப்பன் தனியாகப் போனார். தகரக் கூரை வீடு. மின்விசிறியை நிறுத்தினார், பிரிட்ஜை நிறுத்தினார். வண்டிச் சாவி சட்டைப்பையிலேயே இருந்தது. பேச்சித்தாய் பேசி முடித்து வேலைக்குக் கிளம்பினார். இவரும் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் உப்பளத்துக் கொட்டகையில் ஜெனோவாவிடம் ஹெட்போனை நீட்டினார். முகத்தில் பெருமை வழிந்தது.

ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"சுத்தமா இருக்கு அண்ணாச்சி. நீங்க கேட்டீங்களா?"

"ரெண்டு தடவ கேட்டேன் மேடம். ஒரு எடத்துலயும் இரைச்சல் கெடையாது."

"அவங்க என்ன சொன்னாங்க?"

ஜெனோவா பதிவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, ஹெட்போனை அவர் காதில் மாட்டினார்.

பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவு.

"மவளுக்குச் சின்ன வயசுலயே சுகர் சார். ஊசி மருந்து கெட்டுறக் கூடாதுன்னுதான் இந்த பிரிட்ஜயே வாங்குனோம். ஒரு மாசத்து மருந்து அதுக்குள்ளதான் இருக்கு."

இசக்கியப்பன் ஹெட்போனைக் கழற்றினார். சுவிட்சைத் திரும்பப் போட்ட ஞாபகமே இல்லை. பேச்சித்தாய்க்குப் போன் அடித்தார், அணைத்து வைத்திருந்தது. வீடு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. வண்டியிடம் ஓடினார். பிரிட்ஜுக்குள் இருந்திருந்தால் அவரைக் கிளம்ப விட்டிருக்காத சாவி, பையில் வேர்வையில் நனைந்திருந்தது.

வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், பிரிட்ஜ் ஓடாததைக் கவனித்திருக்கவில்லை. இவர் நேராகப் போய்க் கதவைத் திறந்து மருந்துக் குப்பிகளைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சில்லென்றிருந்தன. கதவை மூடி சுவிட்சைப் போட்டார். பிரிட்ஜ் ஒரு முறை குலுங்கிவிட்டு உறுமத் தொடங்கியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது.

"ஓடுதா அண்ணாச்சி?"

அவர் எழுந்தார். போனைக் கொண்டுபோய் பிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தார்.

மறுமுனையில் ஜெனோவா அந்த உறுமலைக் கேட்டார்.

"நல்ல சத்தம்," என்றார்.