மூடியிருந்த பானை

ஒரு காட்டில் ஆண்டுக்கு ஒரு நாடகம் போடும் கரடி ஒன்று இருந்தது. ஆற்றோரப் பாறைதான் மேடை. காடெல்லாம் பறந்து கூவி, கூட்டம் சேர்க்கும் வேலை மைனாவுடையது. கரடியின் நாடகம் என்றால் மைனாவுக்கு உயிர். ஒத்திகையைக்கூட ஒருநாள் விடாது.

குறை ஒன்றுதான், குழந்தைகளே. அதன் வாய் சும்மா இருக்காது.

அந்த ஆண்டு சிங்கராஜா கறாராகச் சொல்லிவிட்டது. “போன வருஷம் கூட்டம் பாதியில் கலைந்துவிட்டது. இந்த முறையும் அப்படி ஆனால், பாறையைத் தவளைகளின் கச்சேரிக்குக் கொடுத்துவிடுவேன்.”

கரடி மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு புதுக்கதை ஒன்று கட்டியது.

“இந்தத் தடவை எப்படியாவது கூட்டம் சேர்த்துவிடு, மைனா.”

“என்னிடம் விடுங்கள் அண்ணா! ஓர் எறும்புகூட வீட்டில் இருக்காது.”

மைனா ஆலமரத்தில் போய் உட்கார்ந்து கூவியது. “மான்குட்டி ஒன்று நட்சத்திரம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது!”

“அப்புறம்?” என்றது அணில்.

“தாய்மான் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் அலைகிறது!”

“அப்புறம்?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தனை கண்களும் தன்னையே பார்க்கும்போது மைனாவால் எப்படி நிறுத்த முடியும்? “பொழுது சாயும்போது பானையைத் திறப்பார்கள். உள்ளே ஆயிரம் மின்மினிகள்! மான்குட்டியின் தலைக்குமேல் நட்சத்திரமாகப் பறக்கும். பார்த்தால் அழுதுவிடுவீர்கள்!”

அன்று மாலைக்குள் எல்லா மரத்திலும் இதையே கூவி முடித்தது.

நாடகத்தன்று பிற்பகலில் பாறையைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. மைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மான்குட்டி மேடையில் அழ ஆரம்பித்ததும், “அழாதே, பானைக்குள்ளே இருக்கிறது!” என்று ஒரு குரங்கு கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். தாய்மானை யாரும் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் பானைமேல்தான். அணிலுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே தாவாகத் தாவி மூடியைத் தள்ளிவிட்டது.

வெயில் இன்னும் இறங்கவில்லை. பானைக்குள் பழுப்புப் பூச்சிகள் அப்பிக்கொண்டு தூங்கின.

“இதுவா நட்சத்திரம்? வெறும் பூச்சி!”

கூட்டம் எழுந்துவிட்டது. சிங்கராஜாவும் எழுந்து நடந்தது.

கரடி பானையை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்தது. மைனாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் மைனாவுக்குத் தாங்கவில்லை.

“கூட்டம் வரட்டும் என்றுதானே அண்ணா சொன்னேன்...”

“எனக்குத் தெரியாதா அம்மா, உன் ஆசை?” என்றது கரடி.

அப்போதுதான் ஆமை வந்து சேர்ந்தது. “முடிந்துவிட்டதா? விடிந்ததுமே கிளம்பினேனே! நாடகம் என்று மைனா கூவியது மட்டும் காதில் விழுந்தது. என்ன கதையோ, தெரியாது.”

கரடி நிமிர்ந்தது. “உட்காருங்கள் ஐயா. முதலிலிருந்து நடத்துகிறோம்.”

ஓர் ஆமைக்காக முழு நாடகமும் நடந்தது. பொழுது சாய்ந்தது. தாய்மான் பானையைத் திறந்தது. ஒன்று, பத்து, நூறு என்று மின்மினிகள் எழும்பின. ஆமை தன் கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி அண்ணாந்து பார்த்தது. அதன் கண்ணில் நீர் வழிந்தது. ஒத்திகை எல்லாம் பார்த்த மைனாவும் கூவ மறந்து உட்கார்ந்திருந்தது.

சிங்கராஜா சொன்னதைக் கரடியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆமை அங்கிருந்து நேரே புறப்பட்டு, மறுநாள் மத்தியானம் சிங்கத்தின் குகைக்குப் போய்ச் சேர்ந்தது. “ராஜா, நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். என்னையும் கூட்டம் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?”

சிங்கம் சிரித்துவிட்டது. “சரி, இன்னும் ஒரு நாடகம் போடச் சொல்.”

அடுத்த நாடகத்துக்கும் மைனாதான் கூவியது. “பாறையில் ஒரு கூடை. மூடியிருக்கிறது. வாருங்கள்!”

“உள்ளே என்ன?” என்றது அணில்.

மைனாவின் அலகு திறந்தது. காடே காதைத் தீட்டிக்கொண்டது. மைனா சட்டென்று, இதற்காகவே காலில் இடுக்கி வைத்திருந்த அத்திப்பழத்தை வாய்கொள்ள அடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

அந்த நாடகத்தில், கூடை திறக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நீதி: ஆசையைக் கிளப்புவதோடு நிறுத்திக்கொள், ஆச்சரியத்தைக் கதைக்கே விட்டுவை.