உப்பின் மேல் செய்த சத்தியம்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. நண்டும் குருவியுமே பேசிக்கொண்டிருந்தபோது மனிதர் வயிற்றுக்குள் இருப்பவை மட்டும் சும்மா இருக்குமா? ஈரல் முணுமுணுக்கும். குடல் வம்பு பேசும். இதயம் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். அந்தப் பேச்சில் மிச்சம் மீதி இன்றைக்கும் உண்டு. பசித்தவன் வயிற்றில் காது வைத்தால் கேட்கும். சிறுநீரகங்கள் மட்டும்தான் பேச்சை அடியோடு விட்டன. அதற்குக் காரணம் பூவுடையாள் என்ற உப்பளக்காரி.

தெற்குக் கடற்கரையில் கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றியது போக மிஞ்சும் உப்பைப் பலகையால் இழுத்துக் குவிப்பது அவள் வேலை. கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளைவெளேர் என்று கிடக்கும் தரை. ஒரு மரம் கிடையாது, மறைவுக்கு ஒரு புதர் கிடையாது.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் விலாவுக்குக் கீழே, முதுகை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒன்றை மூத்தவன் என்றாள், மற்றதை இளையவன் என்றாள். ரத்தத்தைச் சலித்து, வேண்டாத உப்பையும் கசடையும் வெளியே தள்ளுவது அவர்கள் தொழில். சலிக்கத் தண்ணீர் வேண்டும். சலித்ததைக் கொட்ட அவள் அவ்வப்போது ஒதுங்க வேண்டும். இந்த இரண்டையும் அவர்கள் கூச்சமே இல்லாமல் உரக்கக் கேட்டார்கள்.

“ஏளா பூவுடையா, தண்ணி!” என்பான் மூத்தவன்.

“ஏளா, ஒதுங்கணும்!” என்பான் இளையவன்.

பக்கத்துப் பாத்தி ஆண்கள் பலகையில் சாய்ந்துகொண்டு சிரிப்பார்கள். அவளுக்கு முகம் எரியும். “ஏலே, கொஞ்சம் மெதுவாச் சொன்னா என்ன? மானம் போகுது” என்று பல்லைக் கடிப்பாள்.

“உனக்கும் எங்களுக்கும் ஒரே பொழப்புதான்” என்பான் மூத்தவன். “நீ தண்ணிய வெரட்டி உப்ப எடுக்கே. நாங்க உப்ப வெரட்டித் தண்ணியக் காப்பாத்துதோம். தண்ணி வத்துனா உனக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம். அதான் கத்துதோம்.”

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வருஷம் உப்பளத்துப் பெரியவர் நல்ல வேலைக்காரர் ஒருவருக்குப் பாத்தி ஒன்றைச் சொந்தமாகக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். பூவுடையாளை விட வேகமாக உப்பு இழுக்க அங்கே ஆளில்லை. பாத்தி அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள்.

பெரியவர் வந்தார். எல்லோரும் வரப்பில் வரிசையாக நின்றார்கள். அவர் பூவுடையாள் முன்னால் வந்து வாயைத் திறக்கும் நேரத்தில், இளையவன் தொண்டை கிழியக் கத்தினான்.

“ஏளா, ஒதுங்கணும்! இப்பவே ஒதுங்கணும்!”

உப்பளமே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். “உள்ள இருக்கவனுவளையே அடக்கத் தெரியல. நீ எப்படிம்மா பாத்தியக் கட்டி ஆளப்போற?” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அன்று சாயங்காலம் பூவுடையாள் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி புது உப்பை அள்ளினாள். அந்த நாட்டில் உப்பைத் தின்று செய்த சத்தியத்தை மீறினவர் கிடையாது. அழுதுகொண்டே அதை விழுங்கினாள். உப்பு ரத்தத்தில் கரைந்து சிறுநீரகங்களிடம் போய்ச் சேர்ந்தது.

“என் உப்பத் தின்னுட்டீங்க” என்றாள். “இனிமே ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம்.”

இளையவன் கேட்டான்: “எங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“எது ஆனாலும்” என்றாள் பூவுடையாள்.

அதோடு அவர்கள் பேச்சு நின்றது. சலிக்கும் சலசலப்பு மட்டும் கைவைத்துப் பார்த்தால் தெரிந்தது. பூவுடையாளுக்கு நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால்தானே ஒதுங்க வேண்டும்? முட்டிக்கொண்டு வந்தாலும் அடக்கிக்கொண்டு பலகையை இழுப்பாள். அடுத்த வருஷம் பெரியவர் அவள் பெயரைச் சொல்லிப் பாத்தியைக் கொடுத்தார்.

வரப்பில் ஓடித் திரியும் உப்புக்கொத்திக் குருவி ஒன்று ஒருநாள் அவளிடம் வந்தது. “தாயீ, நீ ஒதுங்குன எடத்துல மண்ணு நெறம் மாறிக் கெடக்கு. முன்ன வைக்கோல் நெறமா இருக்கும். இப்பப் புளிக்கரைசல் மாதிரி இருக்கு” என்றது.

“ஒனக்கு வேற சோலியே இல்லயா?” என்று அதை விரட்டினாள். குருவிகளுக்கு அப்போதும் வம்பளப்பவை என்றுதான் பெயர்.

கோடை முற்றியபோது இடுப்பில் ஒரு வலி கிளம்பியது. பாத்திக்குள்ளேயே விழுந்து புரண்டாள். கடைசியில் நெருப்பாய் எரிந்துகொண்டு ஒரு கல் வந்து விழுந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீர் வற்றிய இடத்தில் உப்பு விளையும். வாழ்நாளெல்லாம் அதைத்தானே பார்த்திருக்கிறாள்? வெளியே ஒரு பாத்தி வாங்குவதற்காக உள்ளே ஒரு பாத்தி கட்டியிருக்கிறாள்.

அதற்குள் முகம் உப்பி, கால் வீங்கி, தண்டை ஏறாமல் போயிருந்தது. அவசரமாக விலாவில் கையை வைத்தாள். இளையவன் பக்கம் சலசலப்பு பலமாக இருந்தது. மூத்தவன் பக்கம் ஒன்றுமே இல்லை. எப்போதோ செத்துப்போயிருந்தான். அவன் வேலையையும் சேர்த்து இளையவன் இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஏலே, பேசுங்கடா” என்றாள். “சத்தியத்த நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். எளயவனே, ஒரு சொல்லு சொல்லுடா. உங்க அண்ணன் எப்பப் போனான்? வலிச்சுதா அவனுக்கு?”

பதில் வரவில்லை. தின்ற உப்பைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பூவுடையாள் பாத்தி நடுவில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல வாய்விட்டு அழுதாள். சிரித்தவர்கள்கூட அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் தன் பாத்தியின் ஒரு மூலையை மண் போட்டு மேடாக்கினாள். அங்கே ஒரு பானை நல்ல தண்ணீர் வைத்தாள். அதன் பின்னால் நாலு கம்பு நட்டுப் பனையோலைத் தட்டி கட்டினாள். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “உப்பு விளையுற எடத்தப் பாழாக்கிட்டியே” என்றார்.

“விளைஞ்சது போதும்யா” என்றாள் அவள். அதற்குப் பிறகு உப்பளத்துப் பெண்கள் யார் வேண்டுமானாலும் அங்கே வந்து குடித்தார்கள், ஒதுங்கினார்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். தாகம் எடுக்கும் முன்பே குடித்தாள். வீக்கம் மெல்ல வடிந்தது. தினமும் காலையில், “எளயவனே, நல்லாருக்கியா?” என்று கேட்பாள். அவன் வாய் திறக்க மாட்டான். அவள் ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய் நிறத்தைப் பார்ப்பாள். வைக்கோல் நிறமாக இருந்தால், இருக்கிறான் என்று அர்த்தம். கிழவியாகிக் கண் மூடும் வரை அவள் அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று முதல்தான் சிறுநீரகங்கள் தங்கள் கஷ்டத்தை நிறத்திலும் நுரையிலும் வீக்கத்திலும் காட்டுகின்றனவே தவிர, வாய் திறந்து சொல்வதில்லை. ஒன்று செத்தாலும் மற்றது சத்தமில்லாமல் இரண்டு பங்கையும் இழுக்கிறது. ‘எது ஆனாலும்’ என்று அவமானத்தில் ஒருத்தி சொன்ன சொல்லை அவை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன.