எறும்பு இழுத்துட்டுப் போன பேருங்க

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்ல ஒரு அம்மா, செண்பகவல்லின்னு பேரு. ஒரு பொண்ணு, வடிவுன்னு பேரு. அப்புறம் ஒரு பீரோ, ஒரு ஆடு, ஒரு குக்கர். ம் கொட்டு. கொட்டலன்னா அத்தை இங்கேயே நிறுத்திடுவேன், பாவம் ஆடு பட்டினியா நிக்கும்.

"ம்."

ஆங், அப்படி. அந்த வடிவு இருக்காளே, பேச்சுன்னா பேச்சு, வாய் மூடாது. படின்னு சொன்னா மட்டும் கண்ணு ரெண்டும் கூரையப் பாக்கும். அம்மா அடிக்கல, திட்டல. எல்லாத்தையும் விளையாட்டா சொல்லிக் குடுத்தா. காலையில தோசைக்கல்லுல மாவ எழுத்து எழுத்தா ஊத்துவா. ஸ்ஸ்ஸ்னு ஒரு ஆனா, ஸ்ஸ்ஸ்னு ஒரு ஆவன்னா. என்ன எழுத்துன்னு சொன்னாத்தான் சட்னி. வடிவு என்ன பண்ணுவா? சட்னியே வேணாம்னு வெறும் தோசைய முழுங்கிடுவா.

அப்புறம் வாசல்ல பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்து எழுதி வெப்பா. நொண்டியடிச்சுக்கிட்டே வாசிக்கணும். வடிவு டொக்கு டொக்குனு தாண்டிட்டு ஓடியே போயிடுவா. படுக்கறப்ப முதுகுல வெரலால எழுதி, கண்டுபிடிம்பா. வடிவு கிச்சுகிச்சு மூட்டுதுன்னு உருண்டு போயிடுவா.

அம்மாவுக்கு அச்சாபீஸ்ல வேலை. நாள் பூரா நின்னுக்கிட்டே செய்யற வேலை. அங்க வெட்டிப் போட்ட காகிதத் துண்டெல்லாம் அள்ளிட்டு வந்தா. பீரோ, ஆடு, குக்கர், கதவுன்னு கொட்டை எழுத்துல எழுதினா. பசை ஏது? சோத்துப் பருக்கைய நசுக்கி, அததுமேல பச்சக் பச்சக்னு ஒட்டிட்டா.

"படி கண்ணு, இது என்ன?"

"பீரோ!"

"இது?"

"ஆடு!"

எங்க படிச்சா? சீட்டப் பாக்கவே இல்ல, திருட்டுக் கழுதை. ஆட்டப் பாத்து ஆடுன்னா! அம்மா அத நம்பி, தெரு முழுக்க "எம் பொண்ணு படிக்கறா, எம் பொண்ணு படிக்கறா"ன்னு சொல்லி மைசூர்பாக் குடுத்தா. வடிவு தலையக் குனிஞ்சுக்கிட்டா. ஆனா மைசூர்பாக்க விடல.

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, அம்மா கதவோரமா சாஞ்சு கண்ணசந்துட்டா. வடிவும் தூங்கிட்டா. அப்போ பருக்கை வாசனைக்கு சாரை சாரையா வந்துச்சு பாரு எறும்பு! பருக்கைய இழுத்துச்சு. பருக்கையோட சீட்டும் சர்ர்ருனு கூடவே போச்சு. கொஞ்ச தூரம் போனதும் எறும்புக்கு மூச்சு வாங்கிடுச்சு. எது கிடைச்சுதோ அதுமேல சீட்ட விட்டுட்டு, எறும்பெல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சு.

அந்த வீட்டுச் சாமானுங்க கொஞ்சம் அசடு. மேல என்ன ஒட்டியிருக்கோ, அதுதான் நாமன்னு நம்பிடும். ம்?

"ம்."

வடிவு முழிச்சுப் பாத்தா, பீரோ "மே"ங்குது! சரக் சரக்னு சேலையெல்லாம் மேயுது. வடிவு கிட்டப் போயி, "ஏய், நீ பீரோ!"ன்னா. வெடுக்குனு அவ பாவாடைய ஒரு கடி! அப்போதான் சீட்டப் பாத்தா. பிச்சா வரல. ஐயய்யோ, படிச்சாத்தான் விடும்போல. உத்து உத்துப் பாத்தா. இந்தச் சுழியும் வாலும் காலையில தின்ன தோசை மாதிரி இல்ல? "ஆ... ஆ... டு. ஆடு!" சீட்டு பொத்துனு கையில விழுந்துச்சு. பீரோ வாய மூடிக்கிச்சு. மேஞ்சத மட்டும் திருப்பித் தரல.

அந்தச் சீட்ட ஆட்டுக்கு ஒட்டலாம்னு ஓடுனா, ஆடு அடுப்பு மேல உக்காந்திருக்கு! உஸ்ஸ்ஸ்ஸ்னு விசில். காதுல ஆவி. வடிவுக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது. ஆட்டு நெத்தியில இருக்கற சீட்ட எப்படிப் படிக்கறது? ஒத்தைக் கால்ல நின்னா. பாண்டிக் கட்டத்த நெனைச்சா. "கு"னு ஒரு குதி, "க்"னு ஒரு குதி, "கர்"னு ரெண்டு காலையும் ஊனினா. "குக்கர்!" சீட்டு விழுந்துச்சு. மிச்சமிருந்த ஒரே பருக்கைய வெச்சு ஆட்டுக்கு ஆட்டுச் சீட்ட ஒட்டினா. அது கீழ குதிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி புழுக்கை போட்டுட்டுப் போச்சு.

சரி, குக்கர் எங்க? மூலையில கம்பீரமா நின்னுட்டிருக்கு. தொறக்க மாட்டேங்குது, பூட்டிக்கிச்சு. உள்ள அந்துருண்டை வாசனை. வடிவு கண்ண மூடி, முதுகுல அம்மா வெரல் ஓடுன மாதிரி நெனைச்சுக்கிட்டு, சீட்டு மேல தன் வெரல ஓட்டுனா. "பீ..."ன்னுட்டு தனியா நின்னு சிரிக்கறா. நீயும் சிரிக்கறியா? போதும் போதும். "பீரோ!" டப்புனு மூடி தொறந்துச்சு. உள்ள சோறு இல்ல, மடிச்சு வெச்ச ரெண்டு ஜாக்கெட்டு.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு, "அம்மா!"ன்னு கூவிக்கிட்டு வாசலுக்கு ஓடுனா.

அம்மா நெத்தியில ஒரு சீட்டு! கிரீச்னு தொறந்தா. கிரீச்னு மூடினா. பால்காரர் வந்து அவ முதுகுல டொக் டொக்னு தட்டி, "யாரும் இல்லபோல"ன்னு போயிட்டாரு. அம்மாவுக்கு ஏன் இப்படின்னு கேக்காத. நாள் பூரா நின்னு நின்னு அலுத்துப் போனவ. யாரு என்ன சொன்னாலும் சரிங்கற அலுப்பு. காத்துல டமார்னு வாசல் நிலையில மோதி மோதி, நெத்தி செவந்து போச்சு.

"க... த... வு!" வடிவு அழுதுக்கிட்டே படிச்சா. சீட்டு விழுந்துச்சு. அம்மா அசையாம நின்னா. வடிவ ஏற எறங்கப் பாத்தா.

"யாரு பாப்பா நீ?"

"நான் வடிவும்மா!"

"சரி. நான் யாரு?"

"நீ அம்மா!"

"வாயால சொன்னா ஆச்சா? எழுதியிருக்கா?"

வடிவு அம்மா மேல சீட்டத் தேடினா. வீட்ல எல்லாத்துக்கும் சீட்டு எழுதினாளே, தனக்கு ஒண்ணு எழுதிக்கிட்டாளா அவ? வடிவோ அதுவரைக்கும் ஒரு எழுத்துகூட தானா எழுதினதில்ல. ஒட்டறதுக்குச் சோறும் இல்ல. ஓடிப்போய் தோசை மாவுல வெரல முக்கிட்டு வந்தா.

"குனிம்மா."

"யாரும்மா கூப்பிட்டது?"

"உன்னத்தான். குனி!"

அம்மா குனிஞ்சா. வடிவு மாவு வெரல நீட்டினா. நெத்தியில ஒரு அ போட்டா, அது சாஞ்சு படுத்துக்கிச்சு. ஒரு ம் போட்டா, புள்ளி ஒழுகி மூக்குல எறங்குச்சு. கடைசியா மா. எடம் பத்தல. அந்தக் கால் நெத்தியத் தாண்டி, காதச் சுத்தி, கழுத்து வரைக்கும் போச்சு.

அம்மா கண்ணச் சிமிட்டினா. "என்னடி ஜில்லுங்குது? யாரு எழுதினது?"

"நான்தாம்மா."

"யாரு சொல்லிக் குடுத்து?"

"யாருமில்ல. நானே."

அம்மா அவள அள்ளித் தூக்கி வெச்சுக்கிட்டு அழுதா பாரு, அப்படி ஒரு அழுகை. மாவோடவே ரேஷன் கடைக்குப் போனா. அங்க இருந்தவரு அவ நெத்தியப் பாத்துட்டு, "அம்மா"ன்னு படிச்சு, "என்னம்மா வேணும்?"னு எழுந்தே நின்னுட்டாரு. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்னாலும் கழுத்துக்குக் கீழதான். "எம் பொண்ணு எழுதினது, அழியக் கூடாது"ன்னுட்டா.

ஆனா மாவு எத்தனை நாளைக்கு நிக்கும்? காஞ்சு, பொரிஞ்சு, ஒரு காலையில பொலபொலன்னு உதுந்துடுச்சு. அம்மா அடுப்படியில உக்காந்துக்கிட்டு கத்தினா.

"பாப்பா, யாரு நீ? நான் யாருன்னு தெரியலியே! சீக்கிரம் வந்து எழுதேன்!"

வடிவு பல்லு வெளக்கின வாயோட ஓடி வந்து எழுதினா. மறுநாளும் உதுந்துச்சு, மறுநாளும் எழுதினா. தெனமும் காலையில அதே கூப்பாடு, அதே ஓட்டம். அம்மாவுக்கு நெசமாவே மறந்துச்சா, நடிச்சாளா? வடிவு கேக்கவே இல்ல. எழுத்து மட்டும் நேராகிக்கிட்டே வந்துச்சு.

ம்?... என்ன, சத்தத்தக் காணோம்? சரி, கதை போர்வைக்குள்ள பூந்துக்கிச்சு. நீயும் பூந்துக்கோ. தூங்கு.