பழனியை உள்ளே விடக் கூடாது

குருவிமேடு சோதனைச் சாவடியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், இந்தப் பக்கம் நம்முடையது. நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு. நோயோ பூச்சியோ அங்கிருந்து இங்கே வந்துவிடக் கூடாது என்று அரசாங்கம் அந்த மூவரையும் அங்கே வைத்திருந்தது. நோயும் பூச்சியும் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தன. மனிதர்கள்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டார்கள்.

வாசலில் 'உயிரிப் பாதுகாப்பு' என்று பலகை இருந்தது. தலைமை அலுவலர் அருமைநாயகம் முதல் நாள் அதை மூன்று தடவை படித்தார். பிறகு, "உயிரைப் பாதுகாக்கணும்னா முதல்ல உயிர் இருக்கான்னு பார்க்கணும்யா" என்றார். அன்று முதல் பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் நாடி பிடித்துப் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி, "இருக்கேன்" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் பஸ்ஸை விட்டார்கள்.

அப்புறம், எல்லையைத் தாண்டுகிறவர்கள் சக்கரத்தை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. தலையில் புல்லுக்கட்டோடு நடந்து வந்த ஒரு பெண்ணிடம் சக்கரம் இல்லை.

"சக்கரம் இல்லாம எப்படிம்மா தாண்டுவே?" என்று மூவரில் ஒருவரான தவசியப்பன் வருத்தப்பட்டார்.

அந்த அம்மாள் திரும்பிப் போய் வாடகை சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கரத்தை நனைத்தாள். சைக்கிளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுபடி நடந்து வந்தாள். இந்தத் தடவை விட்டுவிட்டார்கள். சக்கரம் நனைந்ததைத்தான் கண்ணால் பார்த்தாகிவிட்டதே.

மேலதிகாரியிடமிருந்து வரும் உத்தரவுகள் போனில்தான் வரும். சாவடியில் சிக்னல் கிடையாது. பக்கத்தில் நின்ற யூக்கலிப்டஸ் மரத்தின் மேல் கிளையில் மட்டும் கொஞ்சம் உண்டு. அதனால் போனை அங்கேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று பேரில் இளைத்தவரான சூசைமாணிக்கம் மேலே ஏறி உட்கார்ந்து, காதில் விழுவதைக் கீழே கத்திச் சொல்வார். காற்று அடித்தால் ஒன்றிரண்டு எழுத்து போய்விடும். அதைப் பற்றி யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனி மாதக் கடைசியில், மாம்பழ சீசன் நடந்துகொண்டிருந்தபோது, மேலதிகாரி கூப்பிட்டார். அவர் சொன்னது பழ ஈயைப் பற்றி. பழத்தைத் துளைத்து உள்ளே முட்டையிடும் ஈ. அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது.

"சார், பழனி வருதாம் சார்!" என்று சூசை மேலேயிருந்து கத்தினார்.

"என்ன வருது?"

"பழனி! அந்தப் பக்கத்துலேர்ந்து வருதாம். ஒண்ணைக்கூட உள்ள விடக் கூடாதாம்!"

அருமைநாயகம் யோசித்தார். "என்னய்யா, ஒரு ஆளைப் போய் வருது போகுதுங்கறே?"

"அவரு அப்படித்தான் சார் சொல்றாரு."

"சொல்லுவாரு. என்னையே அது இருக்கா போச்சான்னுதான் கேப்பாரு. அடையாளம் கேளு."

"மஞ்சளா இருக்குமாம் சார். கண்ணு பெருசாம். இடுப்பு ஒடுங்கியிருக்குமாம்."

"எவ்வளவு உசரம்?"

அதற்குள் ஒரு காற்று வந்தது. அளவு அதோடு போய்விட்டது.

"பழத்துக்குள்ள முட்டையை வைக்குமாம் சார்!"

"எதுக்கு?"

"அதைச் சொல்லலை. ஒரு ஜோடி சேர்ந்துடுச்சுன்னா ஆயிரம் முட்டையாம். ஒரு தோப்பு மிஞ்சாதாம். வாசனை காட்டினா ஆணு தானா வந்து மாட்டுமாம். மாட்டினதைக் கொல்லாம வலைக்கூண்டுக்கு உள்ள வச்சுப் பூட்டணுமாம். எத்தனை மாட்டுச்சுன்னு கேப்பாராம்."

சூசை இறங்கி வந்தார். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"என்ன வாசனைக்கு ஒரு பழனி வருவான்?" என்று அருமைநாயகம் ஆரம்பித்தார்.

"ஊதுபத்தி?" என்றார் தவசி.

"அதுக்குச் சாமியே வர மாட்டேங்குது."

"சால்னா வைப்போம் சார்" என்றார் சூசை. "எங்க ஊர்ல ஒரு பழனி இருந்தான். புரோட்டாக் கடையைத் தாண்டி அவன் நடந்து நான் பார்த்ததே இல்லை."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக மற்ற இருவருக்கும் பட்டது. மறுநாள் காலையில் தடுப்புக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் சால்னா கொதிக்கவைத்தார்கள். மலை வளைவு முழுவதும் மணத்தது. லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தவசி எல்லோரிடமும் பேர் கேட்டார். வர்கீஸ், அய்யாவு, அப்துல் மஜீத், மறுபடி ஒரு வர்கீஸ். லாரிகளில் மாம்பழம் இருந்தது. மாம்பழத்தின் மேல் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவை அடுப்புப் பக்கம் வந்தபோது, "சனியன், சட்டியில விழுந்து தொலைக்கும்" என்று சூசை துண்டால் விசிறி, தடுப்புக்கு இந்தப் பக்கமாகத் துரத்திவிட்டார். ஈக்கள் மாநிலத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

அப்போதுதான் ஒரு மொபெட் வந்து நின்றது.

ஓட்டி வந்தவன் மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு போட்டிருந்தான். முகமெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. கண் பெரியது. இடுப்பு, வேட்டி நிற்குமா என்று சந்தேகப்படும்படி இருந்தது. பின்னால் ஒரு கூடை.

"அண்ணே, என்னா வாசம்ணே" என்றான். "எனக்குக் கல்யாணம், தாலி கட்டுற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாதுங்கறாங்க. சும்மா மோந்துட்டுப் போயிடறேன்."

"பேர் என்ன?" என்றார் தவசி.

"பழனி."

சூசை கூடையைத் திறந்தார். மாம்பழங்கள். மாம்பழங்களுக்கு நடுவில் வைக்கோல். வைக்கோலுக்குள் முட்டைகள்.

"சார்!" என்று சூசை கூவினார். "பழத்துக்குள்ள முட்டை வச்சிருக்கு சார்!"

"உடையாம இருக்கட்டும்னு வச்சேண்ணே" என்றான் பழனி. "மறுநாள் விருந்துக்கு. மாமியா கேட்டாங்க."

"எல்லாம் சொன்னபடியே இருக்கு" என்றார் அருமைநாயகம். பதினெட்டு வருஷ சர்வீசில் அவர் பிடித்த முதல் உயிரி அது.

பழனி முதலில் சிரித்தான். பிறகு கும்பிட்டான். எஸ்டேட்டிலிருந்து சொந்தக்காரர்களெல்லாம் ஜீப்பில் முன்னாலேயே போய்விட்டார்களாம். அதில் தவில்காரர் தவிலை வைத்த இடம்தான் மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடமாம். அதனால் அவன் தனியாக மொபெட்டில் வந்தானாம். மலையடிவாரத்துக் கோயிலில் பெண் காத்திருக்கிறாள். உச்சி வேளைக்குள் தாலி ஏறாவிட்டால் அடுத்த முகூர்த்தம் ஆவணியில்தான்.

"ஆவணிக்குள்ள அவங்க அப்பா மனசு மாறிடுவாருண்ணே. ஏற்கெனவே பாதி மாறித்தான் இருக்கு. விட்டுடுங்கண்ணே."

"தம்பி, உன்மேல எங்களுக்குக் கோபமே கிடையாது" என்றார் அருமைநாயகம். "மாந்தோப்பு பாழாயிடும். அதான்."

"நான் மாந்தோப்பை என்னண்ணே செஞ்சேன்?"

"எல்லாம் நீ ஜோடி சேர்ந்த பிற்பாடுதான்."

பழனியைச் சாவடிக்குப் பின்னால் இருந்த வலைக்கூண்டுக்கு அழைத்துப் போனார்கள்.

"உள்ள வச்சுப் பூட்டணும்னுதானே சொன்னாரு?" என்றார் தவசி.

"ஆமா. உள்ள வச்சு."

"அப்ப உள்ளயிருந்துதான் பூட்டணும்."

தவசி பழனியோடு உள்ளே போனார். கம்பி வலை வழியாகக் கையை விட முடியாது என்பதால் பூட்டையும் உள்பக்கமே மாட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் பிடிபட்டிருப்பது போல இருந்தது. பழனி மூலையில் உட்கார்ந்து வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சால்னா மணம் கூண்டுக்குள்ளும் வந்தது.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதே" என்று தவசி ஆறுதல் சொன்னார்.

"அதுக்குத்தாண்ணே போகணும்" என்றான் பழனி.

மரத்தில் போன் அடித்தது. சூசை ஏறினார்.

"ஒரு பழனியைப் பிடிச்சுட்டோம் சார்!" என்றார் பெருமையாக.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் மரத்தடியில் நின்ற அருமைநாயகத்துக்கே கேட்டது. சூசை அதைக் கூடியவரை மரியாதையாக்கிக் கீழே சொன்னார்.

"பழனி இல்லையாம் சார்! தப்பாப் புரிஞ்சுக்கிட்டோமாம். ஈயாம்! ஈயை விடாதேங்கறாரு! ஈ! ஈ!"

அதோடு சிக்னல் போய்விட்டது.

மறுபடியும் ஆலோசனை. தவசி கூண்டுக்குள் இருந்ததால் மற்ற இருவரும் பெஞ்சைக் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"ஈன்னா, பறக்குமே, அந்த ஈயா சார்?" என்று தவசி உள்ளேயிருந்து கேட்டார்.

"அது இங்க நிறைய இருக்கே" என்றார் சூசை. "காலையிலேர்ந்து நான்தானே உள்ள துரத்திவிட்டுட்டிருக்கேன்."

அருமைநாயகம் தலையை ஆட்டினார். "யோசிச்சுப் பேசுங்கய்யா. ஒரு ஈக்காக அரசாங்கம் மலைமேல ஆபீஸ் கட்டி மூணு பேருக்குச் சம்பளம் குடுக்குமா? ஆள்தான். பேரை முழுசாச் சொல்றதுக்குள்ள லைன் போயிடுச்சு. ஈன்னு ஆரம்பிக்கிற யாரோ."

"அப்ப நான்?" என்று பழனி துள்ளி எழுந்தான்.

"நீ போகலாம் தம்பி. தவசி, திறந்து விடு."

தவசி சாவியைத் தேடினார். சட்டைப்பையில் ஓட்டை. சாவி பனியனுக்குள் போய், அங்கிருந்து இன்னும் கீழே போயிருந்தது. அவர் குதித்துக் குதித்து அதை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கீழிருந்து ஒரு ஆட்டோ அலறிக்கொண்டு மேலே வந்தது. பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பெண் அதிலிருந்து குதித்தாள். ஒரு கையில் இரண்டு மாலை. இன்னொரு கையில் ஒரு மஞ்சள் கயிறு.

"எங்கய்யா எங்க வீட்டு மாப்பிள்ளை? மொபெட் மட்டும் நிக்குது, ஆளைக் காணோம்! அங்க எங்கப்பா பந்தலைப் பிரிக்கச் சொல்லிட்டாரு. மாமியா கையிலேர்ந்து தாலியைப் பிடுங்கிட்டு வந்திருக்கேன்!"

"யாரும்மா நீ?" என்றார் அருமைநாயகம்.

"பொண்ணுய்யா! கல்யாணப் பொண்ணு! ஈஸ்வரி!"

அருமைநாயகமும் சூசையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறுபடி சொல்லு?"

"ஈஸ்வரி!"

"ஈ" என்றார் சூசை, மெதுவாக.

சாவி அந்தச் சமயத்தில் கீழே விழுந்தது. தவசி கதவைத் திறந்தார். "நீ வெளிய வா தம்பி, அம்மா நீ உள்ள போ" என்றார் அருமைநாயகம். ஈஸ்வரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவள் கூண்டுக்குள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள். உச்சிக்கு இன்னும் ஒரு விரற்கடைதான் இருந்தது. தானாகவே உள்ளே போனாள். பழனி வெளியே வரவில்லை.

"தம்பி, உன்னை விட்டாச்சு" என்றார் தவசி.

"அப்ப நான் எங்க வேணா இருக்கலாமாண்ணே?"

"எங்க வேணா."

"இங்கயே இருக்கேன்."

அதில் தவறு சொல்ல முடியவில்லை. தவசி மறுபடி உள்ளேயிருந்து பூட்டினார். ஈஸ்வரி ஒரு மாலையைப் பழனியிடம் கொடுத்தாள். மாலை மாற்றிக்கொண்டார்கள். "கெட்டிமேளம்!" என்று அவள் வெளியே பார்த்துக் கத்தினாள். ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். பின்னால் நின்ற லாரிகளும், தடுப்பைத் திறக்கத்தான் சொல்கிறார்களாக்கும் என்று சேர்ந்து அடித்தன. பழனி தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் வேண்டும். இல்லாததால் தவசி போட்டார். மேலே போடப் பூவோ அரிசியோ இல்லை. சூசை கையில் இருந்த கொத்தமல்லித் தழையைக் கம்பி வலைக்கு மேலாகத் தூவினார்.

எல்லோருக்கும் சால்னா ஊற்றினார்கள்; கூண்டுக்குள் இருந்தவர்களுக்குத் தவசி கதவைத் திறந்து வாங்கிக் கொடுத்தார். பழனி நான்கு தடவை வாங்கிக் குடித்தான்.

அருமைநாயகம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார்.

"யோவ் சூசை. முதல்ல சொன்னது என்ன?"

"பழனி சார்."

"அப்புறம்?"

"ஈ."

"சேர்த்துச் சொல்லு."

"பழனி ஈ... பழ ஈ." சூசைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார்! முதல்லயே அவரு அதைத்தான் சார் சொன்னாரு! பழ ஈ!"

இரண்டு பேரும் கூண்டைப் பார்த்தார்கள். உள்ளே மாலையும் கழுத்துமாக இரண்டு பேர், நடுவில் தவசி. ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால் ஆயிரம் முட்டை என்று மேலதிகாரி சொன்னது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

மரத்தில் போன் அடித்தது. சூசை ஏறினார். இந்தத் தடவை காற்றே இல்லை. மேலதிகாரியின் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"என்னய்யா ஆச்சு? பழ ஈ மாட்டுச்சா?"

"மாட்டிடுச்சு சார். ஜோடியாவே மாட்டிடுச்சு. கூண்டுக்குள்ளதான் இருக்கு."

"அப்பாடா! இப்பத்தான்யா உருப்படியா ஒரு வேலை பார்த்திருக்கீங்க. முட்டை வச்சிருச்சா?"

சூசை கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே கூண்டைக் குனிந்து பார்த்தார்.

"இல்லை சார்" என்றார். "இப்பத்தான் தாலியே கட்டியிருக்கு."