வாய்க்கரிசிக்கு வைத்த போட்டி

கேளுங்கள், சொல்கிறேன். மாதம் மும்மாரி பெய்தது என்பார்களே, அந்தக் காலத்துக்கும் முன்னால் பண்மலை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்குப் பாட்டு என்றால் உயிர். ராஜாவுக்குப் பிடித்தது ஊருக்குப் பிடிக்காமல் போகுமா? அங்கே மோர் விற்கிறவளும் ராகம் போட்டுத்தான் விற்பாள். வழக்குக்கு வருகிறவனும் முறையீட்டைப் பாடியே சொல்ல வேண்டும். சுருதி விலகினால் வழக்குத் தோற்றுவிடும், நியாயம் அவன் பக்கம் இருந்தாலும் சரி. இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், அப்புறம் சிரிக்க முடியாது.

அந்த நாட்டின் பெரிய பாடகர் ஆனந்தக்கூத்தர். அவர் பாடினால் மரம் பூக்கும் என்பார்கள். அதை நான் நம்பவில்லை. ஆனால் மனிதர்கள் தேம்பித் தேம்பி அழுதது உண்மை. அப்படிப்பட்ட தொண்டையைக் காக்க ராஜா ஒரு வைத்தியரை வைத்தார். வைத்தியர் கூத்தரின் மனைவி வடிவாச்சியிடம் மூன்று கட்டளை போட்டார்.

“அம்மா, வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, புகை ஆகாது. அவருக்குச் சாப்பாடு அரண்மனையிலிருந்து வரும். வீட்டில் அவர் பேசக் கூடாது, குரல் வீணாகும். வீட்டில் யாரும் சத்தம் போட்டு அழக் கூடாது, அவர் மனம் கலங்கினால் பாட்டும் கலங்கும்.”

வடிவாச்சி மூன்றுக்கும் தலையாட்டினாள். கூத்தரும் தலையாட்டினார். ஆனால் வீட்டுச் சாப்பாட்டில் அவருக்கும் ஆசை இருக்காதா? ஒருநாள் அவள் பக்கத்து வீட்டு அடுப்பில் தனக்காகக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். அவர் அருகில் வந்து, ஒரே ஒரு வாய் என்று கையால் கேட்டார். அவள் பயந்துபோய்ச் சட்டியை மூடிவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள், முத்தாள். குழந்தை விழுந்தால் வடிவாச்சி ஓடிவந்து தூக்க மாட்டாள், முதலில் வாயைப் பொத்துவாள். மூன்று வயதுக்குள் முத்தாள் சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டாள். ஐந்தாம் வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வடிவாச்சி கிணற்றடியில் துணியை அலசிவிட்டு வருவதற்குள், கூப்பிடு தூரத்தில், கூப்பிடாமலே அந்தக் குழந்தை போய்விட்டது. பாவி மகள், ஒரு தடவை ‘அம்மா’ என்று கத்தியிருக்கக் கூடாதா!

அன்றும் வடிவாச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் அழுதாள். அன்று மாலை கூத்தர் சபையில் பாடினார். இப்படி அவர் ஒருநாளும் பாடியதில்லை என்று ஊர் மெச்சியது.

பல வருஷம் கழித்து, பாடிக்கொண்டிருக்கும்போதே கூத்தர் சாய்ந்தார். நாடே தலையில் அடித்துக்கொண்டது. அரண்மனை முற்றத்தில் அவரைக் கிடத்தினார்கள். இறந்தவர் வாயில் சொந்தக்காரர்கள் கடைசியாக அரிசி போடுவது வழக்கமல்லவா? ராஜா அதற்கும் ஒரு போட்டி வைத்தார்.

“கூத்தர் நாட்டுக்கே சொந்தம். யாருக்குத் துக்கம் அதிகமோ அவரே முதல் வாய்க்கரிசி போடட்டும். ஒப்பாரி பாடுங்கள், கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறேன்.”

வடிவாச்சி ஒரு பிடி அரிசியோடு வந்து நின்றாள். முப்பது வருஷத்தில் அவள் கையால் ஒரு வாய்ச் சோறு அவருக்குப் போனதில்லை. இந்த ஒரு பிடியாவது போகட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

ராணி பாடினாள், சபை கண் கலங்கியது. தலைச்சீடன் பாடினான், சபை விம்மியது. கூலிக்கு மாரடிக்க வந்தவள் பாடினாள், ராஜாவே குலுங்கி அழுதார்.

“இனி நீ பாடம்மா” என்றார் ராஜா.

வடிவாச்சி வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. மறுபடியும் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. மூன்றாம் தடவை அவள் உடம்பெல்லாம் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் மார்பை நனைத்தது. சத்தம் வரவில்லை. காதால் மட்டுமே தீர்ப்புச் சொல்லிப் பழகிய ராஜா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“இவளுக்குத் துக்கம் இல்லை. கடைசியில் வரட்டும்.”

மாரடிக்க வந்தவள் முதல் அரிசி போட்டாள். பிறகு ராணி, சீடன், சேனாபதி, செட்டிமார், ஊர், பக்கத்து ஊர். பொழுது சாயும் நேரத்தில் வடிவாச்சியின் முறை வந்தது. கூத்தரின் வாய் நிறைந்து, கன்னம் வழிந்து, காது வரை அரிசி கிடந்தது.

“கொஞ்சம் ஒதுக்கி விடுங்க ஐயா” என்று பாடை தூக்குகிறவரிடம் முணுமுணுத்தாள்.

“போட்ட அரிசிய எடுக்கப்படாது தாயி. எடமில்ல. நேரமாச்சு, தள்ளிக்க.”

தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ராஜா உண்மை தெரிந்து வருந்தினார் என்று சொன்னால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவர் மறுநாளே புதிய பாடகரைத் தேடி ஆள் அனுப்பினார். வடிவாச்சி மூடிய கையை விரிக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

இந்தக் கதையின் நீதி இதுதான்: ஒருவரின் திறமையை ஊர் கூடிக் கொண்டாடும்போது அதற்கு விலை கொடுப்பது அவர் வீடு, அந்த வீட்டின் அழுகை ஊர் காதில் விழுவதே இல்லை.